பத்துக்குப் பத்து வாங்கிய நோயாளி

என் பேச்சு எப்போது முடியுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல், முறுவலோடு வீற்றிருக்கும் தலைவர், மாண்புமிகு மருத்துவர் அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் எனக்குரிய நேரத்தில் பாதியை வாரிக்கொண்டு போன வள்ளல், சங்கச் செயலாளர் அவர்களே! எங்கள் முதியோர் இல்லத்தை நடத்தும் மேலாளர் அம்மையார் அவர்களே! பல இல்லங்களிலிருந்தும் வந்திருக்கும் நிர்வாகிகளே, ஊசி போடும் செவிலியர்களே, ஊசியைக் கண்டால் உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்ளும் என்னை ஒத்த பெரியோர்களே! பெற்றவர்களை எங்களுடையதைப் போன்ற இல்லங்களில் விட்டுவிட்டு, வீட்டில் பாதி மனமும் எங்களிடம் பாதி மனமுமாக வாழும் தாய்மார்களே! அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன். பயப்படாதீர்கள், இரண்டு கரங்களையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கூப்பியிருக்கிறேன்.

'தொற்றுநோய் வந்தால் முதியோர் இல்லங்கள் தயாரா?' இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. தயாரா என்றா கேட்கிறீர்கள்? எங்கள் இல்லத்தைப் போலத் தயாரான இல்லம் எங்கே உண்டு? திட்டம் தயார். திட்டத்துக்குக் கோப்பு தயார். கோப்புக்கு அலமாரி தயார். அலமாரிக்குப் பூட்டு தயார். பூட்டுக்குச் சாவி? அதுவும் தயார்தான், சாவி வைத்திருந்தவர்தான் விடுப்பில் போயிருந்தார்.

அந்தக் கோப்பில் என்ன இருந்தது தெரியுமா? 'நோயுற்றவரை உடனே தாழ்வாரத்தின் கடைசியில் உள்ள தனிமை அறைக்கு மாற்ற வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில், 'கையுறை, முகக்கவசம், மேலங்கி ஆகியவற்றைப் பாதுகாப்பான அறையில் வைக்க வேண்டும்' என்று இருந்தது. எங்கள் இல்லத்தில் பாதுகாப்பான அறை எது? யாருமே போகாத அறை. யாருமே போகாத அறை எது? தனிமை அறை. ஆகவே தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். நோயாளி உள்ளே போக வேண்டுமென்றால் அவரை மடித்துத்தான் வைக்க வேண்டும். அங்கே யார் சிரிப்பது? ஓ, பக்கத்து ஊர் இல்லத்துக்காரரா? உங்கள் தனிமை அறையில் பழைய சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறீர்களாமே, எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்?

மாதந்தோறும் ஒத்திகையும் உண்டு. அதற்கு முந்தைய வாரமே அறிவிப்புப் பலகையில் ஓர் அறிவிப்பு தொங்கும். நான் மனப்பாடமாகச் சொல்கிறேன்: 'வரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு எதிர்பாராத நோய்ப்பரவல் ஏற்படும். பதினொன்றரைக்கு நோய் கட்டுக்குள் வரும். அதன்பின் தேநீர் வழங்கப்படும்.' எவ்வளவு பண்பான நோய் பாருங்கள், தேநீர் நேரம் தவறியதே இல்லை.

ஒத்திகையில் கையுறை போடுவார்கள். ஆனால் கையுறையைப் போட மாட்டார்கள். குழப்பமாக இருக்கிறதா? சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் முத்திரை கிழியும். முத்திரை கிழிந்தால் ஆய்வுக்கு வரும் அதிகாரி, சரக்கு குறைகிறதே என்று கேட்பார். ஆகவே எல்லாம் பாவனை. வெறுங்கையில் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக் கையுறை அணிவார்கள். வெறுங்காற்றை எடுத்து முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சும் போடுவார்கள். பெரிய நர்ஸ் கையில் ஒரு தாள் இருக்கும். 'கையுறை, அணியப்பட்டது. கவசம், அணியப்பட்டது' என்று வரிசையாக 'டிக்' விழும். நாற்பது ஆண்டு நாடக மேடையில் நின்றவன் நான். அப்படிப்பட்ட அபிநயத்தை எங்கள் குழுவில்கூடக் கண்டதில்லை.

ஒத்திகை என்றால் ஒரு நோயாளி வேண்டுமே? அந்த வேடம்தான் அடியேனுக்கு. மன்னனாக நடித்தவன் நான், மந்திரியாக நடித்தவன் நான், ஆள் குறைந்த நாளில் மண்டபத் தூணாகவும் நின்றவன் நான். ஆனால் நான் அதிகக் கைதட்டல் வாங்கியது இந்த நோயாளி வேடத்துக்குத்தான். முனகுவேன், இருமுவேன், கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கண்களைச் செருகுவேன். உச்சகட்டத்துக்கென்று ஒரு வசனமும் வைத்திருந்தேன். "நடிக்கலைம்மா, நிஜமாவே முடியலை" என்று தழுதழுப்பேன். அறையே அதிரக் கைதட்டுவார்கள்.

என் அறையில் எனக்கு ஒரு விமர்சகரும் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். பக்கத்துக் கட்டில். அவரை நாங்கள் மார்க்கு வாத்தியார் என்போம். காலை வெயிலுக்கு மார்க்கு, மருந்துக் கசப்புக்கு மார்க்கு, மகனின் தொலைபேசிப் பேச்சுக்கும் மார்க்கு. ஒத்திகை முடிந்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இருமல்ல பத்துக்கு அஞ்சு, முனகல்ல பத்துக்கு நாலு. நாடகக்காரரே, இன்னும் உழைக்கணும்" என்பார். ஆறு ஆண்டுகளில் ஏழைத் தாண்டி அவர் எனக்குத் தந்ததே இல்லை. பத்து வாங்காமல் விடுவதில்லை என்று நானும் வீம்பாக இருந்தேன்.

(இருமுகிறார். அவையில் பெரும் சிரிப்பு, கைதட்டல்.)

ஆகா, தட்டுங்கள், தட்டுங்கள். அந்தக் காலத்துக் கைதட்டல் காதுக்கு இன்னும் இனிக்கிறது. அதென்ன, பின்வரிசையில் யாரோ எழுந்து வருகிறார்கள்? ஓ, எங்கள் இல்லத்து அக்கா. தரை துடைப்பவர். என் மகள் வயதுதான், ஆனாலும் எண்பதைத் தாண்டியவர்களுக்கும் அவர் அக்காதான். அக்கா, ஒண்ணுமில்லை, போய் உக்காருங்க. உட்கார மாட்டாராம், மேடைப் படியில் வந்து நின்றுகொண்டார். சரி, நிற்கட்டும், நாம் கதைக்கு வருவோம்.

போன ஆண்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு குறை எழுதிவிட்டுப் போனார். 'அறிவித்துவிட்டு ஒத்திகை நடத்துவது கூடாது; அடுத்த முறை சொல்லாமல் நடத்த வேண்டும்.' நல்ல குறைதான், நியாயமான குறைதான். அதற்கு அடுத்த வாரமே, வியாழக்கிழமை காலை நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, எலும்பெல்லாம் நொறுங்குகிறது. பத்து மணிக்குப் பெரிய நர்ஸ் எட்டிப் பார்த்தார். நான் சொன்னேன்: "நடிக்கலைம்மா, நிஜமாவே முடியலை."

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய நர்ஸ், மேலாளர் அம்மாள் சொல்லாமல் ஒத்திகை வைத்துவிட்டார் என்று நினைத்தார். செய்தி கேட்ட மேலாளர் அம்மாள், பெரிய நர்ஸே பொறுப்பாக நடத்துகிறார் என்று மகிழ்ந்தார். ஓடி வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக ஓடி வந்தார்கள். காற்றில் கையுறை மாட்டினார்கள். காற்றில் கவசம் கட்டினார்கள். கவசமில்லாத முகங்கள் நான்கு என் முகத்தின்மேல் குனிந்தன. தாளில் 'டிக்' விழுந்தது. 'அறைத்தோழர் பதினொன்றாம் அறைக்கு மாற்றப்பட்டார்' என்ற வரிக்கும் 'டிக்' விழுந்தது. மாற்றப்பட்ட வாத்தியார் எங்கே இருந்தார்? என் பக்கத்துக் கட்டிலில், கால் மேல் கால் போட்டுக்கொண்டு, என் இருமலுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு இருந்தார். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஓர் இளம் நர்ஸ் என் கன்னத்தைக்கூடத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் தேநீருக்குப் போன பின் வாத்தியார் என் பக்கம் சாய்ந்து, கண்ணாடியை இறக்கினார். "நாடகக்காரரே, இன்னிக்குப் பத்துக்குப் பத்து" என்றார். அவர் யாருக்கும் கொடுக்காத மார்க்கு அது. எனக்கு வாயைத் திறந்து மறுக்கத் தெம்பில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா வந்தார். தரை துடைப்பதோடு காபி கொண்டு வந்து வைப்பதும் அவர்தான். ஒத்திகையில் அவருக்குப் பங்கில்லை. தரை துடைப்பவர், சமையற்காரர், வாயிற்காவலர் யாருடைய பெயரும் அந்தத் தாளில் இல்லை. அறைக்கு அறை போய் வருகிறவர்கள் அவர்கள், ஆனால் நோய் வந்தால் அவர்களுக்கு வேலையில்லை என்பது எங்கள் திட்டம். அந்தக் காபியை ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் நான் திட்டாமல் குடித்ததில்லை. சூடில்லை என்பேன், சர்க்கரை கூடிவிட்டது என்பேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் டம்ளர் வளைந்திருக்கிறது என்பேன். அன்று இரண்டு வாய் குடித்துவிட்டு, மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். அக்கா துடைப்பதை நிறுத்தினார். புறங்கையை என் நெற்றியில் வைத்தார். நேரே நர்ஸ் மேசைக்குப் போனார்.

ஒத்திகைதான் அக்கா, காலையிலேயே முடிந்துவிட்டது என்று சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. "ஒத்திகைன்னா காபியத் திட்டியிருப்பாரு. ஒரு வார்த்தை சொல்லலை. வந்து பாருங்க" என்றார். அப்போதும் யாரும் எழவில்லை. அக்கா அதற்குமேல் கெஞ்சவில்லை. தாழ்வாரக் கடைசி அறைக்குப் போனார், இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்தார், முதல் பெட்டியின் முத்திரையைச் சர்ரென்று கிழித்தார். மேலாளர் அம்மாள் மாடியிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தார். எனக்காக அல்ல, முத்திரைக்காக. அம்மாள் தலையை ஆட்டுகிறார், பாருங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று என்னை இங்கே அனுப்பியவரே அவர்தான். தன் பிழையைத் தானே மேடையேற்றும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்?

முத்திரை கிழிந்த பிறகுதான் நர்ஸ் வந்தார்; வெப்பமானி நூற்று மூன்று காட்டியது. வாத்தியாரை உடனே வேறு அறைக்கு மாற்றினார்கள்; என்னைத் தனிமை அறைக்குக் கொண்டுபோகப் பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து முடிக்க மாலை ஆகிவிட்டது. அன்று தொடங்கி ஏழு பேர் படுத்தோம். ஆறு பேர் எழுந்தோம்.

எழாதவர் மார்க்கு வாத்தியார். காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை, ஐந்து மணி நேரம் அவர் என் பக்கத்தில் இருந்தார். அந்த ஐந்து மணி நேரத்தில் ஒட்டியதா, முந்தைய இரவே ஒட்டியதா, மருத்துவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேரமாவது அவரை என்னிடமிருந்து தள்ளி வைத்திருக்க வேண்டும். தாளில் அவர் இன்றும் பதினொன்றாம் அறையில் பத்திரமாக இருக்கிறார். அவரைக் கொன்றது கவனக்குறைவு என்று அதிகாரி எழுதினார். எனக்கு அப்படித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, உண்மையான நோயாளி சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை வேடிக்கை வசனமாக்கித் தேய்த்தவன் நான். என் நண்பரின் சாவு அதனால் வந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை.

என்ன, அவை இப்படி அடங்கிவிட்டது? வாத்தியாருக்கு இது பிடிக்காது. நிமிர்ந்து உட்காருங்கள், இப்போது எங்கள் இல்லத்தைச் சொல்கிறேன். தனிமை அறையில் இன்று ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். பெட்டிகள் மேலாளர் அம்மாளின் அலுவலகத்தில் இருக்கின்றன, இடமில்லாமல் இப்போது அம்மாள்தான் உடம்பை மடித்துக்கொண்டு உட்காருகிறார். ஒத்திகை எந்த நாள் வரும் என்று அம்மாளுக்கே தெரியாது, சமையற்காரர் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார். பாவனை ஒழிந்தது. ஒவ்வொரு முறையும் பெட்டி திறக்கிறது, முத்திரை கிழிகிறது, கையுறை கையில் ஏறுகிறது. முதல் முறை உண்மையான கையுறையைப் போட்டபோது பாதிப் பேருக்கு அளவு சேரவில்லை. யோசித்துப் பாருங்கள், ஆறு ஆண்டுகளாகக் காற்று எல்லோருக்கும் கச்சிதமாகச் சேர்ந்தது! தாளின் முதல் வரியில் இன்று அக்காவின் பெயர் இருக்கிறது. தாழ்வாரத்தில் ஒரு மணி தொங்குகிறது. யாருக்கு ஐயம் வந்தாலும் அடிக்கலாம், யாருடைய உத்தரவும் வேண்டாம். இதுவரை ஒன்பது முறை வீணாக அடித்தார்கள். ஒன்பது முறையும் ஓடினோம், ஒன்பது முறையும் தேநீர் ஆறிப்போனது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நோயாளி வேடத்திலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ஒரு பொம்மை நடிக்கிறது, என்னைவிட அடக்கமாக.

முடிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி. நடுவில் நான் இருமினேனே, நினைவிருக்கிறதா? முந்நூறு பேர் இருக்கிறீர்கள். மருத்துவர்கள் இருக்கிறீர்கள், செவிலியர்கள் இருக்கிறீர்கள், தயார்நிலை பற்றிக் காலையிலிருந்து கட்டுரை படித்தவர்கள் இருக்கிறீர்கள். கைதட்டினீர்கள். அந்த இருமல் நடிப்பா, நிஜமா? எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே தட்டினீர்கள். அக்காவுக்கும் தெரியாது. தெரியாததனால்தான் எழுந்து வந்தார். நான் உட்காரச் சொன்ன பிறகும் படியிலேயே நிற்கிறார். அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முகக்கவசம்.

அக்கா, மேல வாங்க. இவ்வளவு நேரம் நிக்க வெச்சுட்டேன். கொடுங்க, நானே கட்டிக்கறேன்.

கேட்கிறதா? கவசத்துக்குள்ளிருந்தே சொல்கிறேன். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும் பெரியோருக்கும் தாய்மாருக்கும், எழுந்து வந்த ஆறு பேரின் சார்பில் என் நன்றி. ஏழாமவரின் சார்பில் மதிப்பெண்ணை மட்டும் அறிவித்துவிட்டு அமர்கிறேன். இருமியவனுக்கு ஐந்து. தட்டிய அவைக்குப் பூஜ்யம். படியில் நின்ற அக்காவுக்குப் பத்துக்குப் பத்து.

வணக்கம்.