ஊக்குக் குத்திய செருப்பு

கடைசி பஸ்ஸும் போய்விட்ட நேரம். சங்கரன்கோவிலை விட்டுத் திருவேங்கடம் போகிற ரோடு... ரெண்டு பக்கமும் கரிசல் காடு. ஒரு நாய்ச் சத்தம்கூட இல்லை. அதில் ஒத்தையாக நிற்கிறது ஒரு பருத்தி ஜின்னிங் மில்.

நம்மோடு மூட்டை தூக்குகிற நல்லகண்ணுவின் சித்தி மகன் வேல்சாமிக்குத்தான் இது நடந்தது. எண்பத்தெட்டாம் வருஷம். மில்லுக்குப் புதுசாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற வேலையை, அங்கே வாட்ச்மேனாக இருந்த அவன் அத்தான் காசிதான் முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம், கம்ப்யூட்டரை எழுப்புகிற டாஸ் புரோகிராமைப் புதுசாக ஏற்றுகிறேன் என்று, ஓடிக்கொண்டிருந்த பழசை அழித்துவிட்டான். பிளாப்பியை மாற்றி மாற்றிச் செருகி ஏற்றியும் முடித்தான். நிறுத்திவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டால்... எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"காலையில ஓடலைன்னா நீயும் ஒன் அத்தானும் சட்டி பானையத் தூக்கிருங்கலே" என்று சொல்லிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுபடி ஏற்றினான். மறுபடியும் கோடு. இன்னொரு தரம்... அதே கோடு. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வேண்டாத சாமியில்லை.

அந்த ரூம் முன்னே பஞ்சு அடைத்து வைக்கிற கிட்டங்கியாக இருந்தது. அதில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிச் செத்தவள் பேச்சி. வேல்சாமியின் கூடப்பிறந்த அக்கா. காசியின் பொண்டாட்டி.

திடீரென்று பஞ்சு கருகுகிற வாடை.

"சாப்ட்டியால, வேலு?"

முதுகுக்குப் பின்னால்... அவன் திரும்பவில்லை. பயத்தைவிடத் துக்கம் பெரிசாக இருந்தது.

"எந்திரிக்க மாட்டேங்குக்கா... அத்தானயும் வெரட்டிருவாவக்கா..."

"தள்ளி இருல."

தள்ளி உட்கார்ந்தான். டக்... டக்... டக்... கீபோர்டுக் கட்டைகள் தானாக அமுங்கின. கர்ர்ர் என்று ஒரு சுற்றுச் சத்தம். திரையில் வரிசை வரிசையாக எழுத்து ஓடியது.

வேல்சாமி வெளியே ஓடியவன்தான். விடிகிறவரைக்கும் கேட்டில் காசி பக்கத்தில் குத்தவைத்திருந்தான்.

காலையில் முதலாளி வந்தார். தூசி ஆகாதென்று அந்த ரூமுக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. அவரும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே வேல்சாமியோடு வந்த காசி, வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

முதலாளி செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளைச் செருப்பு. ஓரமெல்லாம் கருகி, அறுந்த வாருக்கு ஊக்குக் குத்தி... முனை ரூமுக்குள்ளே பார்க்கக் கிடந்தது.

"ஏலே... இந்த ஊக்கு நான் குத்துனதுலே. அவ காலோடதான பொதச்சோம்..."

உள்ளே டக்... டக்... டக்...

முதலாளி சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏ காசி! பொம்பளப்பிள்ளைய எப்பம்வே வேலைக்குச் சேத்தீரு? நல்லாத்தான தட்டுதா!"

டக்... டக்... நின்றுபோனது.

"ஆமா... கையி ரெண்டும் என்னத்துக்குவே இப்பிடி வெந்து கெடக்கு?"