மேகத்துக்குக் கோடு கிடையாது

அதில்லம்மா, உங்க கோவம் எனக்குப் புரியுது. மொதல்ல அந்த நிழல்ல வந்து உக்காருங்க, மொட்டை மாடி, காலு சுட்டுரும். தர்ஷினி கீழ குழாயாண்ட பிரஷ் கழுவிக்கிட்டு இருக்கா. அவ வர்றதுக்குள்ள பேசிடலாம். டிராயிங் கிளாஸ விட்டு நிறுத்தறேன்றீங்க. நிறுத்துங்க, தடுக்க நான் யாரு? ஆனா இந்த சவுரிமுத்து சார் என் புள்ளைய கெடுத்துட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா.

ஆமா, போட்டில தர்ஷினிக்குப் பரிசு வரல. இயற்கைக் காட்சின்னு தலைப்பு. பக்கத்துல உக்காந்த கெசியா ரெண்டு மலை போட்டு, நடுவுல சூரியன வச்சு, பஞ்சு மிட்டாய் மாதிரி நாலு மேகம் தொங்கவிட்டுட்டா. கப்பு அவளுக்கு. நம்ம பீர்க்கன்கரணைல எங்க மலைக்கு நடுவுல சூரியன் வருது? ஏரிக்கு அந்தாண்ட ரெண்டு அபார்ட்மெண்டுக்கு நடுவுலதான் வருது.

அய்யோ, அந்தப் புள்ளையக் குறை சொல்லலம்மா. அதுவும் என் கிளாஸுதானே.

எங்கிட்ட மொதப் பாடமே மேகத்துக்குக் கோடு கிடையாதுங்கறதுதான். பென்சில வாங்கி வச்சுடுவேன். பேப்பர ஈரத் துணியால தொடச்சுட்டு, கொஞ்சூண்டு கலர தொட்டு விட்டா போதும், அதுவா பரவும். மேகம் எங்க முடிஞ்சுது, வானம் எங்க ஆரம்பிச்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இது என் சொந்தச் சரக்கு இல்ல. இருநூறு வருஷம் முன்னாடி இங்கிலாந்துலயும் ஜெர்மனிலயும் வரைஞ்சவங்க வழி.

நீங்க சொல்றது வாஸ்தவம். இங்க வானம் கறுத்தா யாரு ரசிக்கறா? வெள்ளத்துக்குப் பயந்து காரை ஓட்டிட்டுப் போய் மேம்பாலத்து மேல நிறுத்திட்டு வர்றாங்க. ஆனா அந்த வெள்ளைக்காரங்களும் வெறும் அழகுக்காக வரையலம்மா. ஒரு பாறை மேல ஒத்த ஆளு நிப்பான், எறும்பு மாதிரி. மீதிப் படம் பூரா வானம். பயமாவும் இருக்கும், கண்ண எடுக்கவும் முடியாது. கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பசங்களுக்குக் காட்டுனேன். சூர்யான்னு ஒரு வாலு, சார், இந்தாளு ஏன் செல்ஃபி எடுக்காம நிக்கறாருன்னான். எல்லாம் கொல்லுனு சிரிச்சுதுங்க. உங்க பொண்ணு மட்டும் சிரிக்கல. மழை வரப்போகுதுன்னு அவருக்குத் தெரியும் சார், கெளம்பத்தான் மனசு வரலன்னு சொன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அது வந்து... வரையறதுக்கு முன்னாடி பசங்கள வானத்தப் பாத்து வாயால சொல்லச் சொல்றது ஒரு பழக்கத்துக்குத்தான். வண்டலூர் பக்கம் என்ன கலரு, அடில எவ்ளோ கறுப்பு, எந்தப் பக்கம் நகருது. சொன்னப்புறம்தான் பிரஷ்ஷு. சொன்னா கண்ணு கூர்மையாகும்.

போன வருஷம் அப்படி இல்லதான். இந்த வருஷம்தான் ஆரம்பிச்சேன். அதுக்கென்ன இப்போ?

குடுங்க, அந்தப் படத்தை இங்க குடுங்க. பரிசு வராத படம் இதுதானே? பாருங்க... இந்த மேல் பக்கம் பாருங்க, கையே வைக்காம பேப்பர அப்படியே விட்டிருக்கா. வெளிச்சம் எறங்கற எடம் அது. சும்மா விடறதுக்குத் தைரியம் வேணும்மா, பெரியவங்களுக்கே வராது. அப்புறம் கீழ வர வர லேசா ஒரு சாம்பலு...

என்னம்மா? என்ன சொன்னீங்க?

நான் காட்டுறது பின்பக்கமா.

ஓ.

இல்ல, திருப்ப வேணாம். நீங்களே வச்சுக்குங்க.

சுகரும்மா, கண்ணுக்கு வந்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல. நடு எடத்துல புகை மூட்டம் மாதிரி நிக்குது, ஓரத்துல கொஞ்சம் தெரியும். கண்ணுல ஊசி போடறாங்க, பாப்போம்றாங்க. நீங்க படியேறி வந்தப்போகூட குரல வச்சுத்தான் தர்ஷினி அம்மான்னு புரிஞ்சுது.

மேகத்துக்குக் கோடு கிடையாதுன்னு கண்ணு நல்லா இருந்தப்பவே சொன்னவன் நான். அதுல பொய் இல்ல. ஆனா இந்த வருஷம் சொன்னேனே, அது தெரிஞ்சு சொன்னதா, இல்ல எனக்கு எதுக்குமே கோடு இல்லாமப் போனதால சொன்னதா? உங்க பொண்ணு அவ கண்ணால பாத்து வரைஞ்சாளா, என் கண்ணாலயா? இதை யாருகிட்டம்மா போய்க் கேக்கறது?

பசங்களுக்குத் தெரியாது. தர்ஷினிக்கு மட்டும் தெரியும். நான் சொல்லல, அதுவா புரிஞ்சுக்கிச்சு. கொஞ்ச நாளா எல்லார் படத்தையும் அவதான் வாங்கி, நேரா வச்சு, என் கைல குடுக்கறா. குடுக்கும்போதே, சார், நம்ம ஆல்வின், மேகத்துக்கு அடில எலக்ட்ரிக் ட்ரெயின் விட்டிருக்கான் சார்னு சத்தமா சொல்லுவா. நானும் பாத்த மாதிரி, ட்ரெயின் ஜோரா இருக்குடான்னுடுவேன். ரெண்டு பேரும் இதைப்பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல.

கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. சின்னப் புள்ள தலைல ஏத்தற சுமை இல்ல இது. பரிசுக்கு வரையறதுன்னா தாம்பரத்துல வேற கிளாஸ் இருக்கு, நானே சொல்லி விடறேன்.

படியில சத்தம் கேக்குது, அவதான் வர்றா. ஒண்ணே ஒண்ணும்மா. நான் படத்தைத் தப்பாப் புடிச்சேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. நேரா வச்சுக் குடுக்க நாம பக்கத்துல இல்லாமப் போயிட்டமேன்னு அந்தப் புள்ள நெனச்சுக்கும்.