அஞ்சு மணிக்குள்ள ஒரு கையெழுத்து

வீட்டுக்காரம்மா: ஏங்க, எலக்ட்ரீஷியன் நீங்க கீழே நிக்கறீங்க, பொண்டாட்டியை ஏணி மேல ஏத்தி விட்டிருக்கீங்களே... நல்லாவா இருக்கு?

கணவன்: எனக்குத் தோள்பட்டை வலி மேடம். கையைத் தூக்கினா இறக்க முடியல...

மனைவி: ஏங்க, டார்ச்.

கணவன்: இந்தா.

மனைவி: இது டார்ச்சா? டேப்பு.

கணவன்: அட... பேசிட்டே இருந்தேனா, மாறிப்போச்சு. இந்தா, பிடி.

வீட்டுக்காரம்மா: பார்த்தும்மா. கரண்டு கிரண்டு அடிச்சுடப் போகுது.

மனைவி: மெயினை அணைச்சுட்டுத்தான் ஏறினேன்மா.

வீட்டுக்காரம்மா: நீயா அணைச்சே? தைரியம்தான் உனக்கு. மூணு நாளா பச்சைத் தண்ணிக் குளியல்ங்க. ஹீட்டர் ஸ்விட்சைத் தட்டினா போதும், வீடு மொத்தமும் இருட்டாகுது. என்னவா இருக்கும்?

கணவன்: அது வந்து மேடம்... பல காரணம் இருக்கும். திறந்து பார்த்தாத்தான்...

மனைவி: பார்த்தாச்சு. ஹீட்டருக்குப் போற ஒயர் கருகிடுச்சு. மேல இருக்கிற பிளாஸ்டிக் உருகி, ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது.

கணவன்: அதான் மேடம். ஒயர் கருகிடுச்சு.

வீட்டுக்காரம்மா: நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

மனைவி: ம்... புது ஒயர் இழுக்கணும். அந்தச் சுருளை எடுங்க.

வீட்டுக்காரம்மா: அது முடியற வரைக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேட்கட்டுங்களா?

கணவன்: தாராளமா.

வீட்டுக்காரம்மா: இந்த எலக்ட்ரீஷியன் வேலையில... வருமானம் நல்லா வருமா? கடைசி வரைக்கும் நிலைக்குமா?

கணவன்: யாருக்குக் கேட்கறீங்க?

வீட்டுக்காரம்மா: என்... பையனுக்கு. பதினேழு முடிஞ்சுது. இந்தப் படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னு, பயிற்சிப் பள்ளியில சீட்டும் கிடைச்சாச்சு. பெத்தவங்க கையெழுத்து போட்டு ஃபாரத்தை இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும். இல்லைன்னா சீட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம்.

கணவன்: இப்பவே மூணரை ஆச்சே!

வீட்டுக்காரம்மா: தெரியுதுங்க. காலையிலேருந்து அந்தப் பேப்பரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு வாய் சோறு இறங்கல.

கணவன்: அவங்க அப்பா என்ன சொல்றார்?

வீட்டுக்காரம்மா: நீயாச்சு, உன் பிள்ளையாச்சுன்னு சொல்லிட்டு ஆபீஸ் போயிட்டார். அவருக்குச் சட்டை கசங்காத வேலைதான் வேலை.

கணவன்: சட்டை கசங்காத வேலை... அப்படி ஒருத்தரை எனக்கு நல்லாத் தெரியும் மேடம். பெரிய துணிக்கடை. பதினாறு வருஷம் அங்கே பில் போட்டார். ஒரு திங்கட்கிழமை காலையில போறார், ஷட்டர்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. கடையை மூடிட்டாங்க. தேய்ச்ச சட்டையோட அப்படியே திரும்பி வந்தார்.

வீட்டுக்காரம்மா: ஐயோ பாவம். அப்புறம்?

கணவன்: அப்புறம் என்ன... வீட்டுல இன்னொருத்தர் சம்பாத்தியம் இருந்துச்சு. பிழைச்சுக்கிட்டாங்க.

மனைவி: ஏங்க, ஊர்க்கதையை விட்டுட்டு கட்டரைக் கொடுங்க. கை வலிக்குது.

கணவன்: இரு, ஃபோன் அடிக்குது... ஹலோ. ஆமாங்க, எலக்ட்ரீஷியன்தான் பேசறேன். ஃபேன் சுத்த மாட்டேங்குதா? முனகுதா? ...ஒரு நிமிஷம். முனகுதாம்.

மனைவி: குச்சியால லேசா தள்ளினா சுத்துதான்னு கேளுங்க.

கணவன்: குச்சியால தள்ளினா சுத்துதாங்க? ...சுத்துதாம்.

மனைவி: கண்டென்சர்.

கணவன்: கண்டென்சர் போயிருக்குங்க. நாளைக்குக் காலையில வந்து மாத்திடலாம். வச்சுடறேன்.

வீட்டுக்காரம்மா: பார்க்காமலே சொல்லிட்டீங்களே!

கணவன்: ...அனுபவம்தான் மேடம்.

மனைவி: கட்டர்.

கணவன்: இந்தா, இந்தா.

வீட்டுக்காரம்மா: அப்போ வேலை தேடி வருது.

கணவன்: வேலைக்குப் பஞ்சமே இல்ல. வெயில் காலத்துல சாப்பிட உட்கார விடமாட்டாங்க. ஆனா லைசென்ஸ் வாங்கற வரைக்கும் மூணு நாலு வருஷம் அடிமாட்டுச் சம்பளம்தான். பல்லைக் கடிச்சுட்டு இருக்கணும். வாங்கியாச்சுன்னா ஆபீஸ்காரங்களுக்குக் குறைஞ்சு வராது.

வீட்டுக்காரம்மா: மாசா மாசம் ஒரே மாதிரி வருமா?

கணவன்: அது... ஒரு மாசம் கொட்டும். ஒரு மாசம்...

மனைவி: ஒரு மாசம் சொட்டும். கம்பெனியில சேர்ந்தா ஒரே மாதிரி வரும்மா, ஆனா அளவாத்தான் வரும். தனியாப் பண்ணினா கூடக் கிடைக்கும், ஆனா ஜுரம்னு படுத்தா அன்னிக்கு ஒண்ணும் இல்ல.

வீட்டுக்காரம்மா: பரவாயில்லையே! கூடச் சுத்திச் சுத்தி நீயும் எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கே.

மனைவி: ...ஆமாம்மா.

வீட்டுக்காரம்மா: உடம்புக்கு எப்படி?

மனைவி: முட்டி போயிடும். கழுத்து போயிடும். நாள் முழுக்க அண்ணாந்தே நின்னுட்டு, வீட்டுக்குப் போய்த் தட்டைக் குனிஞ்சு பார்த்தா உசிர் போகும்.

வீட்டுக்காரம்மா: ஷாக் அடிக்குமே?

மனைவி: அவசரப்பட்டா அடிக்கும். நம்மை அவசரப்படுத்தறவங்கதான் ஜாஸ்தி.

கணவன்: பேரம் பேசறவங்க அதைவிட ஜாஸ்தி. உங்களைச் சொல்லல மேடம்.

வீட்டுக்காரம்மா: சொன்னா என்ன, நானும்தான் ஃபோன்ல அரை மணி நேரம் பேசினேன்... சரிங்க, சுத்தி வளைக்கல. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. உங்க பிள்ளையா இருந்தா இந்த வேலைக்கு விடுவீங்களா?

கணவன்: அதை... இவகிட்ட கேளுங்க மேடம்.

வீட்டுக்காரம்மா: நல்லா இருக்கே! ஒத்தாசைக்கு வந்தவளுக்கு என்ன தெரியும்? தொழில் பண்றவர் நீங்க. நீங்க சொல்லுங்க, அதை வச்சுத்தான் நான் கையெழுத்து போடப் போறேன்.

கணவன்: நான் வந்து மேடம்... என் தொழில்ல...

மனைவி: ஏங்க. போதும். எனக்கு அலுத்துப் போச்சு.

கணவன்: வேணாம்... முடிச்சுட்டுக் கிளம்பிடலாம். இந்த மாசம் ஏற்கெனவே வருமானம் கம்மி...

மனைவி: ஒரு பிள்ளையோட வாழ்க்கையைக் கேட்கறாங்க. அதுலயுமா பொய் சொல்லணும்? அம்மா, அந்தத் துணிக்கடையில பில் போட்டவர் இவர்தான். இவருக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது.

கணவன்: பல்பு மாட்டுவேன்.

மனைவி: சரி, பல்பு மாட்டுவார். எலக்ட்ரீஷியன் நான். லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. பதினொரு வருஷம் ஆச்சு.

வீட்டுக்காரம்மா: என்னது...? அப்போ இவர் எதுக்கு?

மனைவி: நீங்க கதவைத் திறக்கிறதுக்கு.

வீட்டுக்காரம்மா: புரியலம்மா.

மனைவி: முன்னாடி நான் தனியாத்தான் போவேன். பெல் அடிச்சா எட்டிப் பார்த்துட்டு, ஆள் வரலையாம்மான்னு கேட்பாங்க. நான்தான் ஆள்னு சொன்னா சிரிப்பாங்க. சில பேர், எங்க வீட்டுக்காரர் இருக்கும்போது வான்னு கதவைச் சாத்திடுவாங்க. கடை மூடினப்புறம் இவர் சும்மா இருக்க முடியாம ஒரு நாள் என் பையைத் தூக்கிட்டுக் கூட வந்தார். அன்னிக்கு ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கல. அதுலேருந்து ஃபோன் எடுக்கறது இவர், பேசறது இவர். ஏணியில நிக்கறது மட்டும் நான்.

வீட்டுக்காரம்மா: தோள்பட்டை வலி...?

கணவன்: அதுவும் பொய்தான் மேடம். மன்னிச்சுக்கங்க. ஒவ்வொரு வீட்டுலயும் இவ செஞ்ச வேலைக்கு என்னைப் பாராட்டறாங்க. நானும் பல்லைக் காட்டிட்டு வாங்கிக்கறேன். ராத்திரி இவ முகத்தைப் பார்க்க வெட்கமா இருக்கு.

வீட்டுக்காரம்மா: நீங்க... முதல்ல நீங்க இறங்குங்கம்மா. உட்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?

மனைவி: இருங்க, இந்த ஒரு ஸ்க்ரூ... ம், ஆச்சு. ஏங்க, மெயினைப் போடுங்க. இப்போ ஹீட்டரைப் போடுங்க.

கணவன்: போட்டுட்டேன்.

வீட்டுக்காரம்மா: அட, லைட் அணையாம நிக்குதே!

மனைவி: நிக்கும்மா. இப்போ நீங்க கேட்டதுக்கு வரேன். என் பிள்ளையா இருந்தா விடுவேன். யோசிக்காம விடுவேன். இவர் கடை மூடின அன்னிக்குக்கூட எனக்கு ரெண்டு வீட்டுல வேலை இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு எரியாத நாள் இல்ல. வேலை செஞ்சு எனக்கு அலுக்கலம்மா. செஞ்சது நான்தான்னு வாய் திறந்து சொல்ல முடியாம இருக்கறேன் பாருங்க, அதுதான் அலுத்துப் போச்சு. உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. பையன். பெல் அடிச்சா கதவு திறக்கும். கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க.

கணவன்: மேடம்? என்ன மேடம், ஏன் அழறீங்க? மணி நாலு ஆகப்போகுது...

வீட்டுக்காரம்மா: பையன் இல்லம்மா, பொண்ணு. கேட்ட இடத்துல எல்லாம் சிரிச்சாங்க, நீங்களும் சிரிப்பீங்கன்னு பயந்து பையன்னு சொல்லிட்டேன்... உள் ரூம்லதான் இருக்கா அவ, நான் பையன்னு சொன்னது அவ காதுலயும் விழுந்திருக்கும். மேஜை மேல இருக்கிற அந்தப் பேனாவை எடுத்துக் கொடுத்துட்டு நீங்களும் என்கூட வாங்கம்மா, அவ எதிர்லயே கையெழுத்து போடறேன்.