முக்கோட நிக்கட்டும் வண்டி

பாவாத்தாள்: ...அப்ப மாட்டுக்குச் சோளத்தட்டு லாரி இந்த வாரமும் வராதுங்களா, கோபாலண்ணா?

கோபாலசாமி: வராதம்மணி. சோளக்காடெல்லாம் மழையில படுத்துக்கிச்சுன்னு சொல்லிப்போட்டான். ஒருத்தனையே நம்பி மாடு கட்டுனா இப்பிடித்தான்.

பாவாத்தாள்: நீங்க மட்டும் நாலு பேர்த்துகிட்ட வாங்கறீங்களாக்கும்!

கோபாலசாமி: நான் முன்னாலயே வாங்கிப் போரு போட்டு வெச்சுட்டனல்லோ.

பாவாத்தாள்: அதுக்குத்தானுங்க போன் போட்டதே. மாடெல்லாம் வெறுந்தொட்டிய நக்குதுங்க. ஒரு வண்டி தட்டு குடுங்க, லாரி வந்ததும் திருப்பிப் போட்டர்றேன்.

கோபாலசாமி: குடுக்கறதுக்கென்ன...

பாவாத்தாள்: என்னுங்ணா இழுக்கறீங்க?

கோபாலசாமி: இழுக்கல. வண்டி உன்ற தோட்டத்துக்குள்ள வராது. வேப்பமரத்து முக்குல எறக்கிப்போடறேன்.

பாவாத்தாள்: ரொம்ப நல்லதுங்க! நானே அதைத்தான் சொல்லலாம்னு... உள்ள யாரும் வரவேண்டாமுங்க.

கோபாலசாமி: ஏன், உள்ள என்ன?

பாவாத்தாள்: ஒண்ணுமில்லீங்க... சேறு. நீங்க ஏன் வரமாட்டீங்கறீங்க?

கோபாலசாமி: நானும்... சேறுன்னுதான்.

பாவாத்தாள்: எங்கூட்டுச் சேறு நான் சொல்லாமயே உங்களுக்கு எப்பிடீங்க தெரிஞ்சுது?

கோபாலசாமி: வாயப் புடுங்காத அம்மணி. ...சரி, தட்டே வேண்டாம் உனக்கு.

பாவாத்தாள்: ஐயோ, சும்மா கேட்டனுங்ணா! கோவிச்சுக்காதீங்க.

கோபாலசாமி: கோவமில்ல. வெளிய சொல்லமாட்டியே? தெரிஞ்சா பால் வண்டிக்காரன் நம்மூருப் பக்கமே திரும்பமாட்டான்.

பாவாத்தாள்: ...சொல்லுங்க.

கோபாலசாமி: முந்தாநேத்துல இருந்து ரெண்டு மாட்டுக்கு வாயெல்லாம் நுரை, குளம்புல புண்ணு. கோமாரிதான். முக்குல எறக்கிப்போட்டாப் போதும்னு மொதல்ல நெனச்சேன், ஆனா எங்கூட்டுத் தட்டைத் தின்னாலே உன்ற மாட்டுக்கும் ஒட்டிக்கும். தெரிஞ்சே அந்தப் பாவத்தைச் செய்யச் சொல்றியா?

பாவாத்தாள்: ஊசி... போடலீங்களா?

கோபாலசாமி: மாட்டாஸ்பத்திரியில மருந்து இன்னும் வரலைன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. எங்கிருந்து வந்துதுன்னுதான் புரியல. சந்தைக்குப் போகல, புது மாடு வாங்கல, பால் கறக்கற ஆளைக்கூட நிறுத்திப்போட்டேன். எம்பட மெசின் ரிப்பேர்னு போன வாரம் உன்ற கறவை மெசினை வாங்குனதோட சரி. வேற ஒரு சாமான் உள்ள வரல.

பாவாத்தாள்: அண்ணா... மெசினைக் குடுக்கறப்பவே எம்பட செவலை மாட்டுக்கு வாயில நுரைங்க. தரமாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்களேன்னு... கழுவித்தானுங்க குடுத்தேன்.