கேட்காமல் கட்டிய ஃப்ளெக்ஸ்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, பிள்ளைகளோடு பெற்றோரையும் பொறுமையாய்த் திருத்தும் ஆசிரியப் பெருமக்களே, ஆலை வேலையை விட்டு அணிதிரண்ட பெரியோர்களே, பிள்ளைகளின் பரிசுகளை மடியில் தாங்கி மகிழும் தாய்மார்களே, வணக்கம்.

நான் மொக்கைச்சாமி. ராஜபாளையத்தில் நூற்பாலை ஃபிட்டர். பத்தாம் வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். அது என்னைப் பார்த்ததற்குச் சான்று இல்லை. முதலில் சிரிப்பது என் மனைவி செல்வலட்சுமிதான், கவனியுங்கள். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் பிளஸ் டூவில் முதலிடம் பெற்ற முனீஸ்வரியின் தகப்பன் என்பதால் எனக்கு மைக் கிடைத்தது.

தேர்வு முடிவு வந்த அன்றே ரோடு பிரியும் சோழபுரம் விலக்கில் ஃப்ளெக்ஸ் கட்டினேன். 'வருங்காலப் பொறியாளர் முனீஸ்வரி'. என் படம் பெரிது, அவள் படம் சிறிது. அவளைக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கத் தோன்றியதா? தோன்றவே இல்லை.

மறுநாள் விண்ணப்பத்தை நீட்டினாள்.

"மதுரையில பி.ஏ. இஸ்லாமியக் கல்வி படிக்கேன்ப்பா. கையெழுத்துப் போடுங்க."

"ஏட்டி, அது அவிய படிப்புல்லா?"

"இருபது வருசமா காதர் மைதீன் மாமாகூட வேல பாக்கீக. அவியளுக்கு எத்தன பெருநா, எதுக்குன்னு சொல்லுங்க."

"ரெண்டு. ரெண்டுக்கும் பிரியாணி."

"அம்புட்டுத்தானா?"

அம்புட்டுத்தான், பெரியோர்களே.

காதர் மைதீனிடமே போனேன். அவர் வேண்டாம் என்பார், பழியை அவர்மேல் போடலாம் என்று திட்டம். அவர் தலையைச் சொறிந்தார்.

"போன வருசம் எம்மவனும் இதத்தான் கேட்டான், மாப்ள. மதரசாவுல ஓதுனது போதும்ல, காலேசுல வேற எதுக்குன்னு இஞ்சினியரிங்குல தள்ளுனேன். இப்ப நாலு அரியர். எங்கிட்டப் பேச மாட்டேங்கான்."

தொழும் தகப்பனும் திருநீறு பூசிய தகப்பனும் அஞ்சியது மதத்துக்கா? இல்லை. ஊர் வாய்க்கு அஞ்சினோம், உறவு வாய்க்கு அஞ்சினோம், பெற்ற பிள்ளையின் விருப்பத்துக்கே அஞ்சினோம். வரலாறும் அரபு மொழியும் சட்டமும் சொல்லித்தரும் படிப்பை, பாடத்திட்டத்தைப் பார்க்காமலே பழித்தோம்.

வேலை கிடைக்குமா என்று பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி கேட்கிறார். நல்ல கேள்வி. பொறியியலுக்கு அதைக் கேட்டீர்களா, அண்ணாச்சி? நானும் கேட்கவில்லை.

ஒன்பது நாளாக விண்ணப்பம் என் சட்டைப்பையில் கிடக்கிறது. நாளை கடைசி நாள். மூன்றாம் வரிசையில் என் மகள் என் பையைத்தான் பார்க்கிறாள். தலைவர் அவர்களே, பேனாவைச் செத்த நேரம் தாருங்கள்.

போட்டுவிட்டேன். முனீஸ்வரி, வந்து வாங்கிக்கொள் தாயே.

அழைத்த பள்ளிக்கும் பொறுத்த உங்களுக்கும் நன்றி. பழைய ஃப்ளெக்ஸ் நாளையே இறங்கும். புதியது உண்டா என்கிறீர்களா? அவளைக் கேட்டுச் சொல்கிறேன். வணக்கம்.