ராஜவேலுவின் இடம்

காபி நன்றாக இருக்கிறது சார். எங்கள் காந்தி ரோட்டுக் கடைகளில்கூட இப்படிக் கிடைக்காது.

நானும் ராஜவேலுவும் ஒரே பட்டுக்கடையில் கல்யாணப் புடவைத் தளத்தைக் கவனித்துக்கொண்டோம். அவன் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரன். அவனைக் கடையில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரு விஷக் காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்குக் காது சுத்தமாகப் போயிற்று. தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தான். அவன் மனைவி சங்கரிக்கும் எனக்கும்தான் தெரியும். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வான்.

போன வருடத்திலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. ஐ.டி. கம்பெனிகளில் ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிறார்கள், சரிகை விலையோ ஏறிக்கொண்டே போகிறது. இனி உங்களில் ஒருவர் போதும் என்றார் முதலாளி. எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. எந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

முதலில் சின்னதாகத்தான் செய்தேன். வாடிக்கையாளர் கேட்ட நிறத்தை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அவன் வேறு புடவையை எடுத்து விரித்தான். அவர்கள் சிரித்தார்கள். டீ குடிக்கும்போது என்னிடம் வந்தான்.

"அண்ணே, அந்தம்மா திரும்பிக்கினு பேசிட்டாங்க போல. நீ கொஞ்சம் எதிர்ல நின்னு சொல்லுண்ணே."

"சரிப்பா" என்றேன்.

அது பலிக்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கைலாசம், தப்பா நெனைக்காதே. ராஜவேலு இருக்கானான்னு கேட்டுக்கினு வர்றாங்க. ஆடித் தள்ளுபடி முடிஞ்சதும் நீ நின்னுக்கோ."

அப்போது காது விஷயத்தைச் சொன்னேன் சார். முதலாளி சிரித்தார். "காது கேக்காமலேயா இவ்ளோ விக்கிறான்?" என்றார்.

அடுத்த வாரம் சரக்கு வந்தது. கடையின் பின்வாசலில் ராஜவேலு ஒரு புடவையை வெயிலில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் பக்கத்தில், சுவரோரமாக நான். டிரைவர் வேல்முருகன் சரக்கு வேனை ரிவர்ஸ் எடுத்தான். ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தான். ஹாரன் கேட்டால் ஆள் விலகிவிடுவான் என்று எந்த டிரைவரும் நினைப்பான். அவன்மேல் வழக்குப் போட்டிருப்பதில் எனக்கு வருத்தம்தான்.

சாவு வீட்டில் சங்கரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடவே நின்னீங்களேண்ணா, அவருக்கு வலிச்சுதா?"

"இல்லம்மா. உடனே போயிட்டான்."

உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பான். மறுநாளே முதலாளி என்னைத் தொடர்ந்து இருக்கச் சொல்லிவிட்டார்.

நீங்கள் காட்டிய கேமரா படத்தை நானும் பார்த்தேன். அவன் சட்டைக்கும் என் கைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இழுத்திருந்தால் பிழைத்திருப்பான். இழுக்கக்கூடாது என்று முடிவு செய்துதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் என் வாய் அசைவதும் படத்தில் தெரிகிறது பாருங்கள். "ராஜவேலு, வண்டி வருது, தள்ளு" என்று சொன்னேன். ஒரு மனிதன் செய்ய வேண்டியதைச் செய்தேன். வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். அவன்தான் திரும்பிப் பார்க்கவில்லை.