மூன்றாவது படி

அன்று காலை என் மனைவி என்னிடம் கேட்டது குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றி. கம்பிக்கும் துளைக்கும் ஒரு விரல் விலகியிருந்தது. "ஊருக்கெல்லாம் வீடு வரைஞ்சு குடுக்கிறவர் வீட்டுல ஒரு கதவு சாத்த மாட்டேங்குது, தோட்டக்காரரே" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று நாளாக மழை விடவில்லை.

கூரை விழுந்ததிலிருந்து ஏழு மாதமாக நீங்கள் ஒப்பந்தக்காரரை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கம்பியைக் குறைத்தாரா, சிமெண்டில் மணலைக் கூட்டினாரா என்று. குடியிருப்பில் இருப்பவர்கள் அவரைச் சந்தேகிக்கிறார்கள். அவர் செத்துப்போனவளின் கணக்கைச் சந்தேகிக்கிறார். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். ஒப்பந்தக்காரர் எதிலும் குறை வைக்கவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்தக் குடியிருப்பை வரைந்தவன் நான். அது தாங்குமா என்று கணக்குப் போட்ட பொறியாளர் என் மனைவி. குடியிருக்கப்போகிறவர்களைக் கேட்காமல் நான் எதையும் வரைவதில்லை. நாற்பத்தெட்டுக் குடும்பங்களையும் வரவழைத்து, அட்டையில் செய்த மாதிரிக் கட்டடத்தை நடுவில் வைத்து, வீட்டுக்கு ஒரு பச்சைக் குண்டூசி கொடுத்தேன். மரம் எங்கே வேண்டுமோ அங்கே குத்தச் சொன்னேன். முக்கால்வாசி ஊசிகள் பொதுக்கூடத்தின் கூரைமேல் நின்றன. முதல் மாடி நடையிலிருந்து மூன்று படி இறங்கினால் அந்தக் கூரையில் வரப்போகும் தோட்டம்.

அவள் ஊசிகளைப் பார்த்தாள். "ஒரு அடி மண்ணு போடலாம். புல்லு, கீரை, பூச்செடி. மரம் கிடையாது."

யாரும் சண்டை போடவில்லை. முதல் ஊசியைக் குத்தியிருந்த தையல்காரம்மா மட்டும் எழுந்து வந்து, அதைப் பிடுங்கித் தன் ஊசிமெத்தையில் செருகிக்கொண்டார். "பரவாயில்ல தம்பி. எங்களையும் ஒரு வார்த்தை கேட்டீங்களே, அதுவே போதும்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு உறைத்திருக்காது.

தோட்டம் போட்டபோது அவள் நான்கு மூலையிலும் இரும்புக் கம்பி நட்டு, ஒரு அடி உயரத்தில் சிவப்புக் கோடு போட்டாள். கோட்டுக்கு மேல் ஒரு பிடி மண்கூட ஏறக் கூடாது என்பது அவள் சட்டம். மாதம் ஒரு முறை வந்து பார்ப்பாள்.

கணக்குப் போடுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதல் வலு வைப்பார்கள். அதை எனக்கென்று விட்டுவைத்த இடமாக எடுத்துக்கொண்டேன். முதல் வருடம் கோட்டைச் சுரண்டி, நாலு விரல் மேலே வரைந்தேன். அடுத்த வருடம் இன்னும் நாலு விரல். பிறகு இன்னொரு முறை. பொறியாளர் சம்மதித்துவிட்டார் என்று குடியிருப்பில் சொன்னேன். அவளிடம் நன்றி சொல்லப் போகாதீர்கள், கூச்சப்படுவாள் என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு மூட்டை மண் சுமந்து வந்தார்கள். பதினோரு மரங்கள் வைத்தோம். வேர் ஆழம் போகாத குட்டை மரங்கள்தான், மண் ஏறவில்லை என்று அவளிடம் சொன்னேன்; அவளும் கோட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவற்றின் நிழலில் தையல்காரம்மா இயந்திரத்தைப் போட்டுக்கொண்டார். நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் ஒரு நாள் தோட்டத்துக்குள் இறங்கும்போது தடுமாறினாள். "இங்க மூணு படி இருந்துச்சே" என்றாள்.

"ரெண்டுதான். வீட்டுக்கு வந்து மாதிரியைப் பாரு" என்றேன். மூன்றாவது படி மண்ணுக்குள் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய், அட்டை மாதிரியில் கடைசிப் படியைப் பிளேடால் நறுக்கி எடுத்தேன். வரைபடத் தாளையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். அவள் வந்து, மாதிரிமுன் குனிந்து, வெகுநேரம் விரலால் படிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதன்பிறகு ஒரு சின்ன நோட்டு வாங்கினாள். அடுப்பை அணைத்தேன், கதவைப் பூட்டினேன் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். "எனக்கு மறதி வந்துடுச்சு போல" என்றாள் ஒரு முறை. வயசானால் வருவதுதானே என்று ஆறுதல் சொன்னேன். அவளுக்கு நாற்பத்துமூன்று.

அவள் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்ட அன்று பொதுக்கூடத்தில் குடியிருப்போர் கூட்டம். கூரையின் உட்புறம் ஈரம் பூத்திருக்கிறது என்று சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ஒரு பேருந்து ஓட்டுநர், அவளை வரச் சொல்லியிருந்தார். பத்தரைக்கு அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் தோட்டத்துப் படியில் குடை பிடித்து நின்றிருந்தேன்.

"இங்க ஒரு விரிசல் இருக்கு. எல்லாரையும் வெளியில அனுப்பிட்டேன். எனக்கு என் கண்ணுமேலயே இப்பல்லாம் நம்பிக்கை இல்ல. நீங்க பார்த்துச் சொல்லுங்க, மண்ணு கோட்டைத் தாண்டியிருக்கா?"

கோட்டைப் பார்த்தேன். வெளியே வா என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பிறகு படியைப் பற்றிக் கேட்பாள். அந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள்.

"கோட்டுக்கு நாலு விரல் கீழதான் இருக்கு" என்றேன்.

"சரி. அப்ப வெறும் ஓதம்தான். கிட்டப் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

அவ்வளவுதான். கூரை இறங்கியபோது பெரிய சத்தம்கூட வரவில்லை. ஈரமண் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. பதினோரு மரங்களும் நிமிர்ந்தபடியே கீழே போயின. மக்கள் கேட்டதை நான் கொடுத்தேன், அவளுக்கு அது ஒருநாள் புரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவளிடம் நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படியோரத்து மூலை இடியவில்லை. கம்பி அப்படியே நிற்கிறது. போய் அளந்து பாருங்கள். மண் இன்னும் கோட்டுக்கு நாலு விரல் கீழேதான் இருக்கிறது.